வாடகைப் பணம் வீண் பணமா?

"வாடகைக்குக் கொடுக்கிற காசு ஆத்துல போட்ட காசு." கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தாமான்களில் வளர்ந்த எவருக்கும் இந்தச் சொல் புதிதல்ல. கல்யாண வீட்டிலும் கேட்டிருக்கிறோம், கருமாதி வீட்டிலும் கேட்டிருக்கிறோம். மகன் வேலையில் சேர்ந்துவிட்டான் என்றதும் "வீடு எப்போ வாங்கப் போறான்?" என்பதுதான் அடுத்த கேள்வி. மகள் கோலாலம்பூரில் வாடகை வீட்டில் இருக்கிறாள் என்று சொல்லும்போது மட்டும் பெற்றோரின் குரல் சற்றே இறங்கிவிடும்.

இந்தச் சொல்லைத்தான் நான் இங்கே மறுக்க வருகிறேன். பட்டணத்தில், அன்றாடக் காரியங்களை நடந்தே முடித்துக்கொள்ளக்கூடிய ஓர் இடத்தில், சிறிய அடுக்குமாடி வீடு ஒன்றை எழுத்துப்பூர்வ ஒப்பந்தத்தோடு வாடகைக்கு எடுத்து வாழ்வது வீண் செலவல்ல. தோட்டப்புறத்திலிருந்து வந்த நம்மைப் போன்ற மாணவர்களுக்கு அது அறிவான முதல் படி. அந்தப் படியில் கால் வைக்க விடாமல் சில தடைகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றை நீக்கும் வலிமை இந்த இதழைப் படிக்கும் நம்மிடமே இருக்கிறது.

முதலில் நடப்பதைப் பற்றிப் பேசுவோம். ஏழு வயதுவரை எங்கள் குடும்பம் வட சிலாங்கூரில் ஒரு தோட்டத்து லயத்து வீட்டில் இருந்தது. தமிழ்ப்பள்ளிக்கு நடை ஐந்து நிமிடம். மாரியம்மன் கோவில் அதற்கும் அருகில். மளிகைக்கடை, ஆயாக் கொட்டகை, மருந்தகம், பந்து விளையாடும் திடல், பெரட்டுக்களம் எல்லாமே கால் நடையில்தான். பாட்டிக்கு வாகனம் ஓட்டத் தெரியாது. தெரிய வேண்டிய தேவையும் இருந்ததில்லை. அறுபது வயதிலும் யாருடைய தயவும் இல்லாமல் கோவிலுக்குப் போனார், கடைக்குப் போனார், நான்கு வீடு தள்ளி இருந்த தோழியோடு வெற்றிலை போட்டார்.

பாரிஸ் நகரின் சோர்போன் பல்கலைக்கழகப் பேராசிரியர் கார்லோஸ் மொரேனோ 2016-ல் '15 நிமிட நகரம்' என்ற கருத்தை முன்வைத்தார். வேலை, பள்ளி, கடை, மருத்துவம், பொழுதுபோக்கு எல்லாம் வீட்டிலிருந்து பதினைந்து நிமிடத்தில் நடந்தோ சைக்கிளிலோ எட்டும்படி இருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். அப்போதைய பாரிஸ் மேயர் ஆன் ஹிடால்கோ 2020 தேர்தலில் அதையே தம் திட்டமாக முன்வைத்தார். இதை விரிவுரையில் கேட்டபோது எனக்கு எங்கள் தோட்டம்தான் நினைவுக்கு வந்தது. அந்த அளவுகோலை வைத்து அளந்தால் நம் தாத்தா பாட்டிகள் நூறு ஆண்டுகளாக 15 நிமிட ஊரில் வாழ்ந்தவர்கள்.

அதற்காகத் தோட்ட வாழ்க்கையைச் சொர்க்கம் என்று நான் பாடப் போவதில்லை. அந்த வசதி நமக்காகக் கட்டப்பட்டதல்ல. விடியுமுன் பெரட்டுக்கு ஆள் தவறாமல் வந்து நிற்க வேண்டும் என்பதற்காகவே லயம் வேலைக்காட்டின் அருகில் கட்டப்பட்டது. வீட்டுக்கு வாடகை இல்லை, உண்மைதான். ஆனால் அந்த வீடு கூலியின் ஒரு பகுதி. வேலை இருக்கும்வரை வீடு. வேலை போனால் வீடும் போகும். 1990-ல் வந்த தொழிலாளர் குடியிருப்புச் சட்டம் (சட்டம் 446) வீடு எப்படி இருக்க வேண்டும், தண்ணீரும் பிள்ளைக் காப்பகமும் எப்படி இருக்க வேண்டும் என்றெல்லாம் சொன்னதே தவிர, அந்த வீட்டைத் தொழிலாளிக்குச் சொந்தமாக்கவில்லை. மூன்று தலைமுறை குடியிருந்தாலும் கையில் ஒரு தாள் கிடையாது.

தாள் இல்லாத வீட்டின் கதி என்ன என்பதற்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. நம் வட சிலாங்கூரிலேயே மேரி, நைஜல் கார்ட்னர், புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மின்யாக் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தார்கள். மனுக் கொடுத்தார்கள், மறியல் செய்தார்கள், ஆட்சிகள் மாறியதைப் பார்த்தார்கள். அவர்களுக்காக 245 வீடுகள் கட்ட மத்திய அரசு நிதி ஒதுக்கும் என்ற அறிவிப்பு 2023-ல்தான் வந்தது. அதற்குள் காத்திருந்தவர்களில் எத்தனை பேர் கண்ணை மூடிவிட்டார்கள் என்பதை அந்தக் குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆகவே "சொந்த வீடு, சொந்த வீடு" என்று நம் பெற்றோர் துடிப்பதில் நியாயம் இருக்கிறது. அது ஆடம்பர ஆசை அல்ல. ஒருமுறை சூடு பட்டவர்களின் பயம். எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அவர்கள் சொல்வது அனுபவித்த பாடம். அந்தப் பாடத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த எலி வளை எங்கே இருக்கிறது என்று ஒரு கேள்வியும் கேட்க விரும்புகிறேன்.

தோட்டத்தை விட்டு வெளியேறியவர்கள் வாங்க முடிந்த விலையில் வீடு கிடைத்தது எங்கே? ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா போன்ற இடங்களின் ஓரங்களில். (பெஸ்தாரி ஜெயா என்ற பெயர் 2007-ல் வந்தது, நம் வீடுகளில் அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.) எங்கள் குடும்பமும் அப்படி ஒரு தாமானுக்குக் குடிபோனது. வீட்டுப் பத்திரம் அப்பாவின் பெயரில் இருக்கிறது. அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு. ஆனால் கொத்தமல்லிக் கட்டு வாங்குவதற்கும் மோட்டாரை எடுக்க வேண்டும். சாலையில் நடைபாதை இல்லை. லாரிகள் உரசிக்கொண்டு போகும். மோட்டார் ஓட்டத் தெரியாத பாட்டி, தாமானுக்கு வந்த நாள் முதல் யாராவது ஏற்றிப் போனால்தான் கோவிலைப் பார்த்தார். தாள் கிடைத்தது, கால் போயிற்று. நம் சமுதாயத்தின் பெரும்பகுதிக்கு நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

இதைச் சொன்னால் "அதனால் என்ன, ஆளுக்கொரு மோட்டார் இருக்கிறதே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெஸ்தாரி ஜெயாவிலிருந்து கோலாலம்பூருக்கு ஏறக்குறைய 50 கிலோமீட்டர். போக வர 100. மாதத்தில் 22 நாள் என்றால் 2,200 கிலோமீட்டர். என்னோடு படிக்கும் ஒருவர் இதைத் தினமும் மோட்டாரில் செய்கிறார். தவணை, பெட்ரோல், டயர், பழுது எல்லாம் சேர்த்து மாதம் 400 ரிங்கிட்டுக்குக் குறையவில்லை என்கிறார். கார் என்றால் தவணை, பெட்ரோல், டோல், வாகன நிறுத்தக் கட்டணம் சேர்ந்து 1,000 ரிங்கிட்டை எட்டிவிடும். பணத்தைவிடப் பெரிய செலவு நேரம். ஒரு நாளில் மூன்று மணி நேரம் சாலையில் போகிறது. மாதத்துக்கு 66 மணி நேரம். அது ஒரு பாடத்துக்கான முழுப் பருவ விரிவுரைகளைவிட அதிகம். இவற்றுக்கெல்லாம் மேலாக உயிர் இருக்கிறது. நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். நம் தாமான்களில் மாலை போட்ட இளைஞர் படம் சுவரில் தொங்காத தெரு ஏது?

இப்போது என் நிலையைச் சொல்கிறேன். இறுதியாண்டில் விடுதியில் இடம் கிடைக்காத மூன்று மாணவிகள் சேர்ந்து பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் ஒரு பழைய அடுக்குமாடி வீட்டை எடுத்திருக்கிறோம். மின்தூக்கி இல்லை; மூன்று மாடி ஏற வேண்டும். இரண்டு அறை, ஒரு சின்னக் கூடம், ஒருவர் நின்றால் மற்றவர் வெளியே நிற்க வேண்டிய சமையலறை. வாடகை 1,350 ரிங்கிட், ஆளுக்கு 450. தண்ணீர், மின்சாரம் ஆளுக்கு ஏறக்குறைய 50. பயணத்துக்கு மை50 அட்டை. 50 ரிங்கிட்டில் 30 நாளுக்கு எல்.ஆர்.டி., எம்.ஆர்.டி., மோனோரயில், ரேபிட் பேருந்து எல்லாவற்றிலும் போகலாம். ஆக 550 ரிங்கிட்டில் குடியிருப்பும் பயணமும் முடிந்துவிடுகின்றன. மோட்டாரைவிட 150 ரிங்கிட் அதிகம்; காரைவிட மிகக் குறைவு. அந்த 66 மணி நேரம் என் கையில் இருக்கிறது.

வாடகையை மட்டும் தனியாகப் பார்த்தால் பட்டணம் விலை உயர்ந்தது. தூரத்து வீடு மலிவு. வாடகையையும் போக்குவரத்தையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டினால் அந்த வித்தியாசம் பெருமளவு சுருங்கிவிடும், சில சமயம் தலைகீழாகவும் மாறிவிடும். வீடு தேடும் ஒவ்வொரு மாணவரும் முதலில் இந்தக் கூட்டலைச் செய்ய வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் என்றால் பலருக்குத் தீபாவளிக் கடை நினைவுக்கு வரும். அங்கே குடியிருந்தால் வேறொன்று தெரியும். 1880-களில் கோலாலம்பூரைச் செங்கல்லால் திரும்பக் கட்டியபோது சூளைகள் இருந்த இடம் இது. பெயரும் அதிலிருந்து வந்தது. பிறகு ரயில்வே பணிமனையும் அதன் தொழிலாளர்களும் வந்தார்கள். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்த தமிழர்கள் கோவிலையும் பள்ளியையும் நடை தூரத்தில் அமைத்துக்கொண்டார்கள். 1904-ல் தொடங்கிய விவேகானந்தா ஆசிரமம், ஸ்காட் சாலைக் கந்தசுவாமி கோவில், பௌத்த விகாரை, தேவாலயங்கள் எல்லாம் ஒரே மாலை நடையில் பார்த்துவிடக்கூடியவை. பழைய ரயில்வே நிலத்தில் எழுந்த கே.எல். சென்ட்ரல் நிலையம் 2001-ல் திறக்கப்பட்டது. 2003-ல் மோனோரயில் வந்தது. வாகனம் இல்லாத ஒருவர் நாட்டின் எந்த மூலைக்கும் புறப்படக்கூடிய இடமாக அது மாறியது.

இந்த இடத்தின் மதிப்பை எனக்குப் புரியவைத்தவர்கள் பார்வையற்றவர்கள். 1951-ல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோலோடு தனியாக நடந்து கடைக்கும் வேலைக்கும் நிலையத்துக்கும் போகிறவர்களை இங்கே தினமும் பார்க்கலாம். நடைபாதையில் அவர்களுக்காக மேடு வைத்த கற்கள் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் மேல் மோட்டாரை நிறுத்துகிறவர்களும் உண்டு, அது வெட்கக்கேடு. என்றாலும் கண் தெரியாதவர் துணையின்றிப் போய்வரக்கூடிய தெரு எல்லாருக்கும் நல்ல தெரு. எங்கள் பாட்டியை இங்கே குடியமர்த்தியிருந்தால் அவர் யாரையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பெண் பிள்ளைகளின் பாதுகாப்பு பற்றிய கேள்வி கட்டாயம் வரும். எங்கள் மூன்று வீட்டிலும் வந்தது. நான் சொன்ன பதில் இது: ஆள் நடமாட்டமும் விளக்கு வெளிச்சமும் உள்ள தெருவில் இரவு ஒன்பது மணிக்கு நடந்து வருவது, நெடுஞ்சாலை ஓரத்தில் கூரையில்லாத நிறுத்தத்தில் ஏழு மணிப் பேருந்துக்காகத் தனியாக நிற்பதைவிட நல்லது. எங்கள் மாடிக்குக் கீழே தோசைக்கடைக்காரர் இருக்கிறார், பூ கட்டும் அம்மா இருக்கிறார். நாங்கள் ஒருநாள் பிந்தினால் "ஏன் பாப்பா இன்னிக்கு லேட்டு?" என்று கேட்கும் கண்கள் அவை. லயத்தில் பாட்டிக்கு இருந்த அதே காவல்தான்.

ஆனால் பிரிக்பீல்ட்ஸிலும் ஒரு பாடம் இருக்கிறது. ரொசாரியோ சாலை, சான் ஆ தோங் சாலைப் பகுதியில் 1905-ல் கட்டப்பட்ட 'ஹண்ட்ரட் குவார்ட்டர்ஸ்' வரிசை வீடுகள் அரசு ஊழியர்களுக்கானவை. அவையும் வேலையோடு வந்த வீடுகள். இன்று அவை அங்கே இல்லை. மேம்பாடு வந்து எடுத்துக்கொண்டது. தோட்டத்து லயமானாலும் பட்டணத்துக் குவார்ட்டர்ஸ் ஆனாலும் நம் முன்னோர் நடக்க வசதியான இடத்தில் வாழ்ந்தார்கள். ஆனால் எதுவும் அவர்கள் பெயரில் எழுதப்படவில்லை.

இங்கேதான் வாடகையின் மதிப்பு எனக்குத் தெரிகிறது. தமிழில் வாடகைக்குக் 'குடிக்கூலி' என்று ஒரு பழைய சொல் உண்டு. தோட்டத்தில் நம் கூலிக்குள் வீட்டை வைத்துக் கொடுத்தார்கள். ஆகவே வீடு அவர்கள் கையில் இருந்தது. இன்று நாமே வீட்டுக்குக் கூலி கொடுக்கிறோம்; ஆகவே கேட்கும் உரிமை நமக்கு வருகிறது. எழுதிக் கையெழுத்திட்ட வாடகை ஒப்பந்தம் அந்த உரிமையின் தாள். ஓராண்டு ஒப்பந்தத்துக்கு, மொத்த ஆண்டு வாடகையில் ஒவ்வொரு 250 ரிங்கிட்டுக்கும் 1 ரிங்கிட் முத்திரைக் கட்டணம். எங்கள் வீட்டுக்கு ஆண்டு வாடகை 16,200. கட்டணம் 65 ரிங்கிட். மூன்று பேருக்கும் பகிர்ந்தால் ஆளுக்கு இரண்டு வேளைச் சாப்பாட்டுக் காசு. இதை மிச்சம் பிடிக்க வேண்டாம். முத்திரையிடாத ஒப்பந்தத்தை வழக்கு வந்தால் சான்றாகக் காட்ட முடியாது.

இன்னொன்றையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 1950-ஆம் ஆண்டின் 'ஸ்பெசிபிக் ரிலீஃப்' சட்டத்தின் 7-ஆம் பிரிவுப்படி, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் குடியிருப்பவரை நீதிமன்ற ஆணை இல்லாமல் வீட்டுக்காரர் தாமாகவே வெளியேற்ற முடியாது. பூட்டை மாற்றுவது, சாமான்களைத் தூக்கி வெளியே வைப்பது இவையெல்லாம் சட்டம் காட்டும் வழியல்ல. ஒரு மாத வாடகை கொடுத்துக் குடியிருக்கும் மாணவிக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு, நாற்பது ஆண்டுகள் பால்வெட்டிய என் பாட்டிக்குத் தம் லயத்து வீட்டில் இருந்ததில்லை. இதை நினைத்த பிறகு வாடகைப் பணத்தை ஆற்றில் போட்ட பணம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனித் தடைகளுக்கு வருகிறேன். முதல் தடை நம் தோலின் நிறம். நாங்கள் வீடு தேடியபோது பதினோரு இடங்களுக்குத் தொலைபேசியில் அழைத்தோம். நான்கு இடங்களில் பெயரைக் கேட்டதும் "இண்டியனா?" என்றார்கள், ஆமாம் என்றதும் வீடு நேற்றே போய்விட்டது என்றார்கள். அடுத்த வாரமும் அதே வீட்டின் விளம்பரம் இருந்தது. இன்ன இனத்தவர் மட்டும் என்று வெளிப்படையாகவே போடும் விளம்பரங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அரசியலமைப்பின் 8-ஆம் பிரிவு சமத்துவத்தைச் சொல்கிறது. ஆனால் அது கட்டுப்படுத்துவது அரசை, தனியார் வீட்டுக்காரரை அல்ல. குடியிருப்பு வாடகைச் சட்டம் ஒன்று வேண்டும் என்ற பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. 2022-ல் வீட்டுவசதி அமைச்சு பொதுமக்களின் கருத்தையும் கேட்டது. இனத்தைக் காட்டி மறுப்பதைத் தடுக்கும் பிரிவு அப்படிப்பட்ட சட்டத்தில் இருக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் விடாமல் கேட்க வேண்டும்.

அதே மூச்சில் நம்மையும் கேட்டுக்கொள்வோம். சொந்த வீடு இரண்டு வைத்திருக்கும் நம்மவர்கள் வாடகைக்கு விடும்போது என்ன கேட்கிறார்கள்? வங்காளதேசத்துத் தொழிலாளிக்கும் ஆப்பிரிக்க மாணவனுக்கும் நம் வீட்டுக் கதவு திறக்கிறதா? எங்களுக்கு வீடு கொடுத்தவர் ஒரு சீன மூதாட்டி. "சமைப்பீங்களா?" என்று மலாயில் கேட்டார். சமைப்போம் என்று தயங்கிச் சொன்னோம். "நல்லது, வெளிச்சாப்பாடு காசு பிடிக்கும்" என்றார். அவ்வளவுதான் நேர்முகத் தேர்வு. ஆக மனம் இருந்தால் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இரண்டாம் தடை முன்பணம். நம் மாணவர்களைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்துவது இதுதான். வழக்கப்படி இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை, தண்ணீர் மின்சாரத்துக்கு அரை மாத வைப்புத்தொகை, ஒரு மாத வாடகை முன்கூட்டியே. எங்கள் வீட்டுக்கு 2,700, 675, 1,350. மொத்தம் 4,725 ரிங்கிட். ஆளுக்கு 1,575. மாதம் 450 ரிங்கிட்டைப் பகுதிநேர வேலை செய்து கட்டிவிடலாம். ஆனால் ஒரே நாளில் 1,575 ரிங்கிட்டை எடுத்து வைக்கத் தோட்டத்துப் பிள்ளையால் முடியாது. பி.டி.பி.டி.என். கடன் கைக்கு வருமுன் பருவம் தொடங்கிவிடும். என் தோழி ஒருத்தி அம்மாவின் வளையலை அடகு வைத்தாள். அதுவும் இல்லாதவர்கள் தூரத்திலிருந்து மோட்டாரில் வருகிறார்கள். நடக்க வசதியான இடத்தில் வாழும் வாய்ப்பை அவர்களிடமிருந்து பறிப்பது மாத வாடகை அல்ல, இந்த முதல் நாள் தொகைதான்.

இதற்கு வழி நம் வரலாற்றிலேயே இருக்கிறது. 1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரர்கள் தோட்டங்களை விற்றபோது துண்டாடல் நடந்து தொழிலாளர்கள் தெருவில் நின்றார்கள். அப்போது துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால்வெட்டுத் தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகப் பங்குப் பணம் கட்டினார்கள். அந்தப் பணத்தில் தோட்டங்களே வாங்கப்பட்டன. நாங்கள் தினமும் நடக்கும் பிரிக்பீல்ட்ஸ் பெருஞ்சாலைக்கு அவர் பெயர்தான். படிக்காத தொழிலாளர்கள் பத்து வெள்ளியில் தோட்டம் வாங்கினார்கள் என்றால், பட்டம் பெற்ற நம்மால் மாணவர்களுக்கு வைப்புத்தொகை கொடுக்க முடியாதா?

ஆகவே முன்னாள் மாணவர்களாகிய அண்ணன்களிடமும் அக்காள்களிடமும் நான் வைக்கும் கோரிக்கை இது. நம் பேரவையின் பெயரில் ஒரு வைப்புத்தொகைச் சுழல் நிதி தொடங்குவோம். நூறு பேர் மாதம் 10 ரிங்கிட் கொடுத்தால் ஆண்டுக்கு 12,000 ரிங்கிட். எங்கள் வீட்டைப் போன்ற ஒரு வீட்டுக்குத் திரும்பக் கிடைக்கக்கூடிய வைப்புத்தொகை 3,375. முதலாண்டிலேயே மூன்று வீடுகள், ஒன்பது மாணவர்கள். இது தானம் அல்ல. ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் திருப்பிக் கொடுக்கும் தொகை நேராக நிதிக்கே போகும். அடுத்த ஒன்பது பேருக்கு அது பயன்படும். வட்டி வேண்டாம். நிதியில் வாங்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் முத்திரையிட்ட ஒப்பந்தம் கட்டாயம் என்று ஒரே ஒரு விதி போதும். கணக்கை ஆண்டுதோறும் இந்த இதழிலேயே வெளியிடலாம். வீட்டுக்காரர் தயங்கும்போது "இந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியும்" என்று ஒரு முன்னாள் மாணவர் தொலைபேசியில் சொன்னால் பணத்தைவிடப் பெரிய உதவி அது.

மாணவ நண்பர்களுக்கும் ஒரு சொல். சொந்த வீடு வாங்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலம் வரும்போது வாங்குங்கள். வாங்கும்போது அந்த வீட்டிலிருந்து உங்கள் அம்மா யார் துணையும் இல்லாமல் எங்கெல்லாம் நடந்து போக முடியும் என்று ஒருமுறை நடந்து பாருங்கள். அதுவரை, கையில் தாளோடும் காலடியில் தெருவோடும் ஒரு சிறிய வாடகை வீட்டில் இருப்பதற்காக யாரும் குரலைத் தாழ்த்த வேண்டியதில்லை. நிதிக்கு முதல் பெயர்களாக எங்கள் மூவர் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். வைப்புத்தொகை திரும்பி வரும் மாதத்திலிருந்து ஆளுக்குப் பத்து வெள்ளி தருகிறோம்.